ஒன்பது சென்டிமீட்டர் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் குறட்டைக்கு ஒரு மரியாதை உண்டு. தாத்தா திண்ணையில் படுத்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்று விழுப்புரத்துப் பக்கம் எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். அப்பா அவரை மிஞ்சினார். முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். டெப்போ ஓய்வறையில் அவர் படுத்தால் மற்ற ஓட்டுநர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் படுக்கப் போய்விடுவார்களாம். அவரே பெருமையாகச் சொல்வார். "நல்லா உழைச்சவனுக்குத்தான்டா நல்லா குறட்ட வரும்" என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்தச் சிரிப்பில் அம்மா மட்டும் கலந்துகொள்ள மாட்டாள். அவள் தலைமாட்டில் எப்போதும் ஒரு பனையோலை விசிறி இருக்கும். ராத்திரியில் நான் விழித்துக்கொண்டால், விசிறிக் காம்பால் அப்பாவின் விலாவில் அவள் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் தாங்காமல் குத்துகிறாள் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். இரண்டு வருடம் முன்னால் ஒரு மருத்துவர் முன்பு உட்கார்ந்து அம்மா விவரம் சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. குறட்டை வரும்போது அவள் குத்தவில்லை. குறட்டை நிற்கும்போது குத்தியிருக்கிறாள்.

*

எனக்கு இது முப்பத்து நான்காவது வயதில் வந்து சேர்ந்தது. வந்தது எப்போது என்று சரியாகத் தெரியாது, கண்டுபிடிக்கப்பட்டது அப்போது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தலை கனக்கும். மதியம் மூன்று மணிக் கூட்டத்தில் யாராவது திரையைப் பகிர்ந்து பேச ஆரம்பித்தால் என் கேமரா தானாக அணைந்துவிடும். அணைப்பது நான்தான். எழுதிய கோடை மறுநாள் பார்த்தால் யாரோ எழுதியது போல இருக்கும். வேலை அழுத்தம், வயது, குழந்தை, சென்னையின் போக்குவரத்து என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுப் பார்த்தேன்.

என் மனைவி ஒருநாள் காலையில் காபியோடு கைப்பேசியையும் நீட்டினாள். இருட்டில் எடுத்த ஒரு காணொளி. முதலில் குறட்டை. பிறகு அமைதி. நான் எண்ணினேன்: இருபது, முப்பது, நாற்பது. நாற்பத்தைந்தில், தண்ணீரில் மூழ்கியவன் மேலே வருவதுபோல ஒரு சத்தம். பிறகு மறுபடியும் குறட்டை. "இத மூணு நாளா பாக்கறேன். நீ நிம்மதியா தூங்கற, நான்தான் உக்காந்து எண்ணிட்டு இருக்கேன்" என்றாள்.

தொண்டையின் கட்டுமானத்தில் இருக்கும் ஒரு பலவீனம்தான் இதற்குக் காரணம். மூக்கைச் சுற்றி எலும்பு இருக்கிறது. கீழே மூச்சுக்குழாயில் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு சாண்கூட இல்லாத பகுதி வெறும் தசையாலானது. விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் இழுத்துப் பிடித்துக் குழாயைத் திறந்து வைத்திருக்கும். தூங்கும்போது தளரும். சிலருக்கு அது முழுக்க ஒட்டிக்கொள்கிறது. மனிதன் பேசுவதற்கு இந்த நெகிழ்வு தேவைப்பட்டது, அதற்குக் கொடுக்கும் விலைதான் இது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. காற்று நின்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறிப்போய் ஒரு கணம் நம்மை எழுப்பும், தசை இறுகும், காற்று வரும், மறுபடி தூங்குவோம். எழுந்தது நமக்கே தெரியாது. பத்து வினாடிக்கு மேல் நின்றால் ஒரு கணக்கு. ஒரு மணி நேரத்தில் இப்படி முழுதாக நின்றதும் பாதியாகக் குறைந்ததும் சேர்த்து எத்தனை என்பதுதான் ஏ.ஹெச்.ஐ. எனும் எண். 5 வரை பிரச்சனையில்லை. 15 வரை லேசானது. 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம்.

பரிசோதனைக் கருவி வீட்டுக்கே வந்தது, பிரியாணி வருவதுபோல ஒரு பையில். மார்பில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். ஒரே ஒரு ராத்திரி. எனக்கு 38 வந்தது. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை. ஆக்சிஜன் குறைந்தபட்சம் 77 சதவீதம். அதிக நேரம் மூச்சு நின்றது 71 வினாடி.

நுரையீரல் மருத்துவர் அறிக்கையை ஒரு நிமிடம் பார்த்தார். என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். இதயம், நுரையீரல், வேறு மருந்து ஏதாவது என்று கேட்டார். எதுவும் இல்லை. "அப்ப லேப்ல வந்து ஒரு ராத்திரி படுக்கணும்னு அவசியமில்ல. ஆட்டோ மெஷின் வாங்கி வீட்லயே ஆரம்பிச்சிடலாம். அது தானா பிரஷர் கண்டுபிடிச்சுக்கும்."

தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. நான் பொறியாளன். ஒரு இயந்திரம், ஒரு பின்னூட்டச் சுழற்சி, நடுவில் மனிதர்கள் இல்லை. வேறென்ன வேண்டும்?

*

சிபேப் என்று அழைக்கப்படும் இந்த இயந்திரம் செய்வது மிக எளிமையான ஒரு காரியம். தொண்டைக்குள் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. அழுத்தத்தைச் சென்டிமீட்டர் தண்ணீரில் அளப்பார்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் உறிஞ்சுகுழலைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு, குமிழி வரும்படி ஊதினால் எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவுதான் பத்து. நம் தலைமேல் உள்ள காற்று மண்டலத்தின் அழுத்தம் இதே அளவில் ஆயிரத்துச் சொச்சம். ஆக, வெறும் ஒரு சதவீதம் கூடுதல். அந்த ஒரு சதவீதம் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது, பந்தலுக்கு முட்டுக் கொடுப்பதுபோல.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன். 1980இல் முதல்முறை ஒரு நோயாளிக்கு இதைச் செய்து பார்த்தார். அதுவரை தீவிர நோயாளிகளுக்கு இருந்த ஒரே உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது. சல்லிவன் குழு ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை 1981இல் லான்செட் இதழில் வெளியிட்டது. ஆரம்ப இயந்திரங்களில் இருந்தது வாக்யூம் கிளீனரின் மோட்டார். உறிஞ்சுவதைத் திருப்பி ஊத வைத்தார்கள். முகமூடியை ஒவ்வொரு ராத்திரியும் பசை போட்டு மூக்கில் ஒட்டவேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தோடும் பசையோடும்கூட, அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தினமும் மாட்டிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். பல வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தூங்கியவர்கள் அவர்கள்.

எனக்கு வந்த இயந்திரம் டிபன் பாக்ஸ் அளவுதான். சத்தம் கிடையாது. ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய், காப்பீட்டில் ஒரு பைசா வரவில்லை. விற்பனைப் பிரதிநிதி முன்கூட்டியே வாட்ஸப்பில் என் முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். அதைப் பார்த்து ஒரு மாஸ்க் கொண்டு வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து மாட்டினார். பொத்தானைக் காட்டினார். ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும் என்றார். இருபது நிமிடம். "ஏதாவதுன்னா கால் பண்ணுங்க சார்." அப்புறம் அவர் எடுக்கவேயில்லை.

முதல் ராத்திரி ஒரு மணி ஐம்பது நிமிடம். இயந்திரம் 4 சென்டிமீட்டரில் ஆரம்பித்தது. மெல்லிய துணி வழியாக மூச்சு இழுப்பதுபோல ஒரு திணறல். தூங்கிப் போனால், அழுத்தம் ஏறும்போது மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணுக்குள் ஊதும். எழுந்து பட்டையை இறுக்குவேன். இறுக்க இறுக்கக் கசிவு இன்னும் கூடும். காலையில் மூக்குத் தண்டில் சிவப்பாக ஒரு தடம். என் மகள் அதைத் தொட்டுப் பார்த்து "அப்பா, பூச்சி கடிச்சிச்சா?" என்றாள்.

மூன்று வாரம் போராடினேன். போராட்டம் என்றால், என் வர்க்கத்தின் போராட்டம். இயந்திரத்தின் எஸ்டி கார்டைக் கழற்றி மடிக்கணினியில் போட்டு, ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் வரைபடங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சும் ஒரு அலையாக அதில் இருக்கும். எந்த இடத்தில் நின்றது, எந்த இடத்தில் கசிந்தது, எந்த நேரத்தில் அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். விரிதாள் போட்டேன். சராசரி எடுத்தேன். என் தூக்கத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தூக்கம்தான் வரவில்லை. ஆட்டோ இயந்திரம் நம் மூச்சின் வடிவத்தைப் படித்து அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. கசிவு அதிகமானால் அது படிப்பதே பிழையாகிவிடும் என்பது பிறகு புரிந்தது. உள்ளீடு குப்பை என்றால் வெளியீடும் குப்பை. தினமும் அலுவலகத்தில் சொல்கிற வாக்கியம்.

நாலாவது வாரம் இயந்திரம் பீரோ மேலே ஏறியது, பழைய மிக்ஸியின் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில். மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

*

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை விடிகாலையில் அம்மா போன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஐந்து மணிக்குக் காரை எடுத்தோம். மேல்மருவத்தூர் தாண்டியது நினைவிருக்கிறது. திண்டிவனம் வருவதற்கு முன்னால் எங்கோ, சக்கரம் சாலையோரத்து மேட்டில் ஏறி இறங்கிய சத்தத்தில் கண் திறந்தேன். கண் திறந்தேன் என்பதை எழுதும்போதுதான் அதன் பொருள் முழுதாக உறைக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. பின்சீட்டில் மகள் எழுந்து, "ஏன்ப்பா வண்டி ஆடுது?" என்றாள்.

மனைவி ஒரு கிலோமீட்டர் வரை பேசவில்லை. அப்புறம் "ஓரங்கட்டு" என்றாள். மீதித் தூரம் அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் விழித்தபடி உட்கார்ந்து, பீரோ மேலே இருக்கும் பெட்டியை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகியிருந்தது. நூற்றுக்கு ஐம்பத்தைந்து, அறுபது பம்ப் செய்யவேண்டிய இடத்தில் முப்பத்தைந்து. நுரையீரலில் சேர்ந்த நீரை மருந்தால் வடித்தார்கள். அந்த மருத்துவர்தான் அம்மாவிடம் தூக்கம் எப்படி என்று கேட்டார். விசிறிக் கதையை அம்மா சொன்னது அப்போதுதான். சொல்லி முடித்ததும் மருத்துவர் அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "நீங்க எத்தன வருஷமா தூங்கலம்மா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

என்னிடம் ஒரு இயந்திரம் சும்மா இருக்கிறது, அதை அப்பாவுக்கு மாட்டலாமா என்று கேட்டேன். "வேண்டவே வேண்டாம்" என்றார். இதயம் பலவீனமானவர்களுக்குத் தொண்டை அடைப்பது மட்டும் பிரச்சனையில்லை. சில சமயம் மூச்சு விடு என்ற கட்டளையே மூளையிலிருந்து வராமல் நிற்கும். இரண்டும் கலந்தும் வரும். அழுத்தத்தை அதிகமாக ஏற்றினால் சிலருக்கு இரண்டாவது வகை கூடும். "ஆட்டோ மெஷின் ஊகிக்கும். இவருக்கு ஊகம் வேண்டாம். ஆள் உக்காந்து பாக்கணும்."

ஆக, ஒரே நோய். மகனுக்கு வீடு, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி.

*

சென்னையில் ஒரு மருத்துவமனையின் நாலாவது மாடி. ஹோட்டல் அறை மாதிரி ஒரு கட்டில், திரைச்சீலை, மேலே ஒரு கேமரா. பக்கத்து அறையில் கணினித் திரைகள். அங்கே ராத்திரி முழுக்க விழித்திருக்கும் டெக்னீஷியன் தென்காசிப் பக்கத்து அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினாறு வருடமாக மற்றவர்கள் தூங்குவதைப் பார்ப்பதுதான் வேலை.

அப்பாவின் தலையை இஞ்ச் டேப்பால் அளந்து பென்சிலால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியிலும் பசையோடு ஒரு ஒயர். கண்ணோரம் இரண்டு, தாடையில், மார்பில், இரண்டு காலிலும். மார்புக்கும் வயிற்றுக்கும் பட்டை. அப்பா கண்ணாடியில் பார்த்து, "பஸ்ஸுக்கு ஒயரிங் பண்ண மாதிரி இருக்கு" என்றார்.

மாஸ்க் என்றதும் அவர் முகம் மாறியது. "மீசைய எடுக்கணுமாம்மா?"

"மீசை இருக்கட்டும்யா. அதுக்குத் தக்கன மாஸ்க் இருக்கு."

பிறகு அவர் செய்ததை நான் கவனித்துப் பார்த்தேன். பட்டையை மாட்டவேயில்லை. காற்று வந்துகொண்டிருந்த மாஸ்க்கை அப்பாவின் கையிலேயே கொடுத்தார். "நீங்களே பிடிச்சு மூக்குல வைங்க. வேண்டாம்னா எடுத்துருங்க. நீங்கதான் டிரைவர்." அப்பா வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வாயைத் திறந்து பேச முயன்றதும் மூக்கில் போன காற்று வாய் வழியாகப் பீறிட்டது. பயந்து, பிறகு சிரித்தார். கால் மணி நேரம் இப்படியே போனது. அந்த அக்கா நடுவில் அப்பாவிடம் எந்த ரூட்டில் ஓட்டினார், பென்ஷன் சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பட்டையை மாட்டியபோது அப்பாவுக்கு அது ஏற்கெனவே பழகிய பொருளாகியிருந்தது. எனக்கு யாரும் அந்தக் கால் மணி நேரத்தைத் தரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். முதல் பாதி ராத்திரி நோயை அளப்பதற்கு, இரண்டாம் பாதி சிகிச்சைக்கு. ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. "ஐயா, தலைய அசைக்காம இடது பக்கம் பாருங்க. வலது பக்கம். அஞ்சு தடவ கண் சிமிட்டுங்க. பல்லக் கடிங்க. வலது கால் பெருவிரல ஆட்டுங்க." ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கோடு துள்ளியது.

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பன்னிரண்டு மணிவாக்கில் உள்ளே கூப்பிட்டார். முப்பது வினாடி ஒரு பக்கமாகத் திரை ஓடிக்கொண்டிருந்தது. காற்றோட்டக் கோடு தட்டையாக, அதன் கீழே மார்பும் வயிறும் எதிரெதிராகத் துள்ளுவது தெரிந்தது. "தொண்ட அடச்சிருக்கு, உள்ள போராடுறாரு பாருங்க." நான் சிறுவயதில் கேட்ட அமைதி இதுதான். அதற்குள்ளே இவ்வளவு போராட்டம் நடந்திருக்கிறது.

மணிக்கு ஐம்பத்திரண்டு. பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே போய் மாஸ்க்கை மாட்டிவிட்டு வந்தார். நாலில் ஆரம்பித்து, பொறுத்துப் பொறுத்து ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றினார். ஏழில் அடைப்பு குறைந்தது. ஒன்பதில் குறட்டை நின்றது. புரண்டு மல்லாந்தபோது மறுபடி லேசாக வர, பத்து, பதினொன்று என்று போனார். பதினொன்றில் திரையில் வேறொன்று வந்தது. காற்று நின்றது, மார்பும் வயிறும்கூட நின்றன. போராட்டமே இல்லை. "இதான் டாக்டர் பயந்தது" என்று மெதுவாகச் சொல்லி ஒன்பதுக்கு இறக்கினார். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு வந்தார். கோடுகள் ஒழுங்காயின. என் இயந்திரம் அந்த இடத்தில் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. மார்புப் பட்டை அதற்குக் கிடையாது. தலையணையை உயர்த்தும் கையும் கிடையாது.

மூன்று மணிக்கு அப்பாவின் கண்ணோரக் கோடுகள் வேகமாகத் துள்ள ஆரம்பித்தன. "கனவு காண்றாரு. ரொம்ப நாள் கழிச்சுத் தூங்குறவங்களுக்கு மொத்தமா வரும்." அரைமணி நேரத்துக்கு மேல் அது நீடித்தது. ஒருவர் தன் அப்பா கனவு காண்பதைப் பக்கத்து அறையிலிருந்து பார்ப்பது விநோதமான அனுபவம். பார்க்கலாமா கூடாதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் பீரோ மேல் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எவ்வளவுல வச்சிருக்கீங்க தம்பி?"

"4லேர்ந்து 20."

"பெட்டில வர்ற செட்டிங் அது. நாலுல உங்களுக்கு மூச்சு முட்டுமே."

ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து என் மூக்கில் வைத்துப் பார்த்தார். எனக்கு ஸ்மால். வாங்கி வைத்திருப்பது மீடியம். "உக்காந்துட்டு மாட்டாதீங்க. படுத்து, காத்து ஓடும்போது மாட்டணும். இறுக்காதீங்க, லேசாத் தூக்கி விட்டா அதுவே உக்காரும்." மூன்று வார விரிதாளில் இல்லாத தகவல், மூன்று நிமிடத்தில். காலையில் மருத்துவரிடம் கேட்டு என் அழுத்தத்தை 7 முதல் 12 வரை என்று எழுதி வாங்கித் தந்தார்.

ஆறு மணிக்கு அப்பா எழுந்தார். தலையெல்லாம் பசை. "என்னப்பா கனவு?" என்றேன். யோசித்தார். "டெப்போல ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தேன். நல்லா ஒடிச்சு எடுத்தேன்டா."

*

ஊருக்குத் திரும்பும்போது காரில் அப்பா முன்சீட்டில் விழித்தே வந்தார். மனைவி ஓட்டினாள். மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். திருச்சி நைட் சர்வீஸ். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு ராத்திரி. தோளில் கண்டக்டரின் கை விழுந்தபோது வண்டி ஒரு புளியமரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "அம்பத்திரண்டு டிக்கெட்டு. எல்லாம் தூங்கிட்டு இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கண்டக்டரும் யாருட்டயும் சொல்லல." அதற்குப் பிறகு பதினான்கு வருடம் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டும், பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டும் ஓட்டியிருக்கிறார். உழைப்பின் அசதி என்றே நம்பியிருக்கிறார். அசதியை நோய் என்று சொன்னால் லைசென்ஸ் போகும், சம்பளம் போகும் என்ற பயமும் இருந்திருக்கும்.

நான் என் திண்டிவனத்தைச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குழந்த இருந்துச்சா வண்டில?" என்று மட்டும் கேட்டார்.

*

வீடா ஆஸ்பத்திரியா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் ஓரளவு பதில் சொல்லிவிட்டது. கனடாவின் வான்கூவரில் 2007இல் வெளியான ஒரு ஆய்வும், அமெரிக்காவில் பல மையங்களில் நடந்து 2012இல் வெளியான ஹோம்பேப் ஆய்வும், வேறு சிக்கல் இல்லாத நோயாளிகள் வீட்டிலேயே ஆரம்பித்தால் பலன் குறைவதில்லை என்றே கண்டன. இரண்டிலும் வீட்டில் ஆரம்பித்தவர்கள் சற்றே அதிக நேரம் மாட்டினார்கள்கூட. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் 2019 வழிகாட்டி, இரண்டில் எதுவும் சரியே என்கிறது. இதயச் செயலிழப்பு, தீவிர நுரையீரல் நோய் போன்றவை உள்ளவர்களை மட்டும் அதிலிருந்து விலக்குகிறது. என் மருத்துவரும் சரி, அப்பாவின் மருத்துவரும் சரி, இருவர் சொன்னதும் புத்தகப்படி சரியானதுதான்.

ஆனால் அந்த ஆய்வுகளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை யாரும் அப்படியே விட்டுவிடவில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் மாஸ்க்கைப் பொருத்திக் காட்டினார், பிறகும் தொடர்ந்து விசாரித்தார்கள். நம்மூரில் வீடு என்றால் பெட்டியை இறக்கிவிட்டுப் போவது என்று அர்த்தமாகிவிட்டது. நான் தோற்றது வீட்டில் ஆரம்பித்ததால் அல்ல, தனியாக ஆரம்பித்ததால். ஆஸ்பத்திரி ராத்திரிக்கும் குறை உண்டு. அது ஒரே ஒரு ராத்திரி, அந்நியக் கட்டில், உடம்பெல்லாம் ஒயர். அங்கே கிடைத்த ஒன்பது என்ற எண், ஊரில் சொந்தக் கட்டிலில் பலாச்சுளைக்கும் மோர்க்குழம்புக்கும் பிறகு வரும் தூக்கத்துக்குப் பொருந்துமா என்பதை வீடுதான் சொல்லவேண்டும்.

அப்பா மருத்துவரிடம் நேராகவே கேட்டார்: "இத மாட்டினா ஹார்ட்டு சரியாயிடுமா?" மருத்துவர் மழுப்பவில்லை. பகல் தெளிவாக இருக்கும், தூக்கம் நன்றாக இருக்கும், ரத்த அழுத்தம் கொஞ்சம் குறையலாம். இதயத்துக்கு உத்தரவாதம் தரமுடியாது என்றார். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2717 பேரை வைத்து நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இந்தச் சிகிச்சை அடுத்த மாரடைப்பைத் தடுத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள். இன்னும் அதிக நேரம் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற விவாதம் தொடர்கிறது. அப்பா தலையாட்டினார். "பகல் தெளிஞ்சா போதும்" என்றார்.

தென்காசி அக்கா மூன்றாம் நாள் அவருக்குப் போன் செய்தார். ஏழாம் நாளும் செய்தார். அப்பா எனக்குக் கொடுக்காத மரியாதையை அவருக்குக் கொடுத்து, "மாட்டுறேன்ம்மா, தினம் மாட்டுறேன்ம்மா" என்றார். அவருடைய இயந்திரத்தில் ஒரு சிம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு என் கைப்பேசியில் செய்தி வரும்: 5 மணி 40 நிமிடம், ஏ.ஹெச்.ஐ. 4. மூன்று மணி என்று வந்தால் அன்று மின்வெட்டு, அல்லது வீட்டில் சண்டை. நான் எதுவும் கேட்பதில்லை. என் இயந்திரம் பீரோவிலிருந்து இறங்கிவிட்டது. ஸ்மால் மாஸ்க், எழுநூற்றுச் சொச்சம் ராத்திரிகள். காரை இப்போதும் நெடுஞ்சாலையில் மனைவிதான் ஓட்டுகிறாள். நான் கேட்டதில்லை, அவளும் சாவியைத் தரவில்லை.

ஊருக்கு இயந்திரம் போன முதல் வாரம் அம்மா போன் செய்தாள். "உங்கப்பா நல்லா தூங்கறாரு. எனக்குத்தான்டா தூக்கம் வரல. சத்தமே இல்ல. ரெண்டு தடவ எழுந்து மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாத்தேன்." இப்போது கொஞ்சம் பரவாயில்லை, ஒருதடவைதான் எழுகிறாளாம்.

போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். விசிறி அதே தலைமாட்டில் இருந்தது. "இன்னும் எதுக்கும்மா இது?" என்றேன்.

"கரண்ட் போனா வேணும்ல" என்றாள்.